நீர்வண்ணத்தில் இருட்டைத் தீட்டுவது: தொடங்குபவர்களுக்கு

நீர்வண்ணம் பழகத் தொடங்கிய பலருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே மாதிரியான குறை வந்து நிற்கும். கோடுகள் சரியாக விழுந்திருக்கும், நிறங்களும் கண்ணுக்கு இதமாக இருக்கும், ஆனால் படம் மட்டும் வெளுத்துப்போய்க் கிடக்கும். கையில் வைத்துப் பார்க்கும்போது இது தெரியாது. சுவரில் சாய்த்துவிட்டு நாலடி தள்ளி வந்து பாருங்கள், எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்றே பிடிபடாது. நிறம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் பளிச்சென்ற சிவப்பையும் நீலத்தையும் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. படத்தில் இருட்டு போதவில்லை.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. படத்தைச் செல்போனில் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறங்கள் போனதும் மிஞ்சுவது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். நல்ல படமென்றால் அந்த நிலையிலும் வடிவங்கள் தனித்தனியாகத் தெரியும். எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், உங்களுக்கு வேண்டியது புது ட்யூப் இல்லை என்று அர்த்தம்.

ஒரு நிறம் எவ்வளவு வெளிர்ந்திருக்கிறது, எவ்வளவு இருண்டிருக்கிறது என்ற அளவை ஓவியர்கள் டோன் என்றோ வேல்யூ என்றோ சொல்வார்கள். சிவப்பா பச்சையா என்பது வேறு கேள்வி, டோன் வேறு கேள்வி. இலைகளுக்கு நடுவே இருக்கும் சிவப்புப் பூ நேரில் துள்ளிக்கொண்டு தெரியும். அதே காட்சியைக் கருப்பு வெள்ளையில் பார்த்தால் பூ இலைக்குள் காணாமல் போய்விடலாம், ஏனென்றால் இரண்டின் டோனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1905இல் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் நிறங்களை வரிசைப்படுத்த ஒரு முறையை வெளியிட்டார். அதில் டோனுக்குத் தனியாக ஓர் அளவுகோல் உண்டு. 0 என்றால் முழுக் கருப்பு, 10 என்றால் முழு வெள்ளை. இன்றும் அந்த எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் அத்தனை படிகள் தேவையில்லை. வெளிர், நடுத்தரம், இருட்டு என்று மூன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

வெளிச்சத்தைத் தீட்ட முடியாது

எண்ணெய் வண்ணத்திலோ அக்ரிலிக்கிலோ படம் முடியும் தறுவாயில் ஒரு சொட்டு வெள்ளையை எடுத்து, இருட்டின் மேலேயே வெளிச்சத்தை வைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் அந்த வசதி இல்லை. நீர்வண்ணப் பூச்சு ஒளியை உள்ளே விடும். ஒளி பூச்சைத் தாண்டிப் போய், தாளின் வெள்ளையில் பட்டு, மறுபடி அதே பூச்சு வழியாக நம் கண்ணுக்குத் திரும்புகிறது. படத்தில் உள்ள வெளிச்சமெல்லாம் தாள் தருவதுதான். நம் தூரிகை செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: அதைக் கொஞ்சமாகவோ அதிகமாகவோ மறைப்பது. வெள்ளை குவாஷை (அடியில் உள்ளதை மறைக்கும் ஒருவகை நீர்வண்ணம்) வைத்துக் கடைசியில் சில புள்ளிகளை மீட்பவர்கள் உண்டு. தப்பில்லை, ஆனால் அது பழுது பார்ப்பதில் சேரும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகக் கிடைக்கிறது. தாளைவிட வெள்ளையாக எதையும் நம்மால் காட்ட முடியாது. வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நன்றாகக் காய்ந்த கரும்பூச்சு சுமார் 4, 5 சதவீதத்தை அனுப்பும். ஆக, தாளில் நமக்குக் கிடைக்கும் மொத்த வீச்சு ஏறத்தாழ 20 மடங்குதான். வெயில் விழும் வெள்ளைச் சுவருக்கும், திறந்த கதவுக்குள் தெரியும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடோ நூறு மடங்கைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். இயற்கை கொடுக்கிற வீச்சு நம்மிடம் இல்லை. கையில் இருக்கிற அந்த 20 மடங்கிலும் கருமைப் பக்கத்துப் பாதியைத் தொடாமலேயே படத்தை முடித்துவிட்டால், வெயில் எங்கிருந்து வரும்?

பக்கத்தில் இருப்பதை இருட்டாக்கினால் தாளின் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். இது கண் செய்யும் வேலை. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல் 1824இல் பாரிஸின் கோபலான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். நீல, ஊதா ஆடைகளின் மடிப்புகளில் நிழலாக நெய்யும் கருப்பு நூல் சோகையாகத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. ஷெவ்ரல் அந்த நூலை மற்ற இடங்களின் கருப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை அப்படிக் காட்டியிருக்கின்றன. அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதைப் பற்றி அவர் 1839இல் வெளியிட்ட நூல் பின்னாளில் ஓவியர்களுக்குப் பாடமாகவே ஆனது.

வெள்ளைத் தாள் செய்யும் ஏமாற்று

இதே கண் விளையாட்டு நமக்கு எதிராகவும் வேலை செய்கிறது. தொடங்குபவர்களின் படம் வெளுத்துப்போக முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. பளீரென்ற வெள்ளைத் தாளில் முதல் தடவையாக ஒரு நடுத்தர டோனை வைக்கும்போது அது பயங்கரக் கருப்பாகத் தெரியும். "ஐயோ, அதிகமாகிவிட்டதே" என்று உடனே தண்ணீர் ஊற்றி இளக்கிவிடுவோம். அடுத்த நிறத்தை இதோடு ஒப்பிட்டு வைப்போம், அதுவும் இளகிவிடும். கடைசியில் வெள்ளை முழுவதும் மூடியதும் பார்த்தால், எல்லாம் வெளிர்ந்து நிற்கும்.

இதற்கு ஒரு வழி, படத்தின் மிக இருண்ட இடங்களில் ஒன்றைச் சீக்கிரமே தீட்டிவிடுவது. வெளிரிலிருந்து இருட்டுக்குப் போவதுதான் நீர்வண்ணத்தின் வழக்கமான வரிசை. அதற்குக் காரணமும் இருக்கிறது, வெளிர் பூச்சை இருட்டால் மூடலாம், இருட்டை வெளிரால் மூட முடியாது. ஆனாலும் ஒரு சிறு இடத்தில், மாற்றம் வராது என்று உறுதியாகத் தெரிந்த ஜன்னல் இடுக்கிலோ பாறையடியிலோ, முழு இருட்டையும் முன்கூட்டியே வைத்துவிடலாம். அப்புறம் தீட்டும் ஒவ்வொன்றையும் கண் அதோடு ஒப்பிடும். வெள்ளைத் தாளோடு மட்டும் ஒப்பிட்டுப் பயந்துகொண்டிருக்காது. இதையே கொஞ்சம் மாற்றி, தனித் தாளில் முழு இருட்டை ஒரு பட்டையாகத் தீட்டி, வேலை செய்யும்போது படத்தின் பக்கத்தில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

இரண்டாவது காரணம் காய்தல். நீர்வண்ணம் ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்தபின் வெளிர்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் நிறமித் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை நிரப்பி, மேற்பரப்பை மட்டமாக வைத்திருக்கிறது. ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போகிறது. தண்ணீர் ஆவியானதும் அந்த இடங்களில் காற்று புகுந்துவிடுகிறது. சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. அந்தச் சிதறல் கருமையின் மேல் ஒரு மெல்லிய வெண்மையாகத் தெரிகிறது. எவ்வளவு வெளிரும் என்பது நிறமியையும் தாளையும் பொறுத்தது. 10 படி அளவுகோலில் ஒன்றிரண்டு படி இறங்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. இருண்ட பூச்சுகளில் இந்த இறக்கம் நன்றாகவே கண்ணுக்குப் படும். ஆகவே ஈரத்தில் "சரியாக இருக்கிறது" என்று தோன்றும் இருட்டு காய்ந்ததும் போதாமல் போகும். ஈரத்தில் "கொஞ்சம் அதிகமோ" என்று தோன்றினால்தான் சரியாக வரும்.

தண்ணீர்க் கணக்கு

கருமை வேண்டுமென்றால் கருப்பு ட்யூப் வேண்டும் என்பதில்லை, தண்ணீர் குறைய வேண்டும். நீர்வண்ண வகுப்புகளில் கலவையின் பதத்தைச் சொல்ல ஒரு வழக்கம் இருக்கிறது: தேநீர், பால், பாலாடை, வெண்ணெய். தேநீர்ப் பதத்தில் கலவை தட்டில் தாராளமாக ஓடும், தாளில் வெளிர்ந்த பூச்சாக விழும். பால் பதத்தில் ஓட்டம் குறையும், நடுத்தர டோன் கிடைக்கும். பாலாடைப் பதத்தில் தட்டைச் சாய்த்தால் மெதுவாகத்தான் நகரும். இருண்ட டோன்களெல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. வெண்ணெய்ப் பதம் என்பது ட்யூபிலிருந்து வந்தபடியே, கிட்டத்தட்டத் தண்ணீரே இல்லாமல். அது கடைசியில் வைக்கும் சில தீற்றல்களுக்கு மட்டும்.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தேநீருக்கும் பாலுக்கும் நடுவிலேயே முழுப் படத்தையும் முடித்துவிடுகிறார்கள். பாலாடைப் பதத்துக்குப் போகத் தைரியம் மட்டும் போதாது, தட்டில் வண்ணமும் நிறைய வேண்டும். சிக்கனமாகப் பிழிந்த துளியூண்டு வண்ணத்திலிருந்து நல்ல இருட்டு வரவே வராது. தேவை என்று நினைப்பதைவிட இரண்டு பங்கு பிழிந்து கலந்துகொள்ளுங்கள். மீந்தால் காய்ந்து கிடக்கும், அடுத்த முறை தண்ணீர் தெளித்தால் மறுபடி எழும். கட்டியாக வரும் பேன் வண்ணம் வைத்திருப்பவர்கள் தீட்டத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். இருட்டைப் பொறுத்தவரை ட்யூப்தான் சௌகரியம் என்பேன்.

தூரிகையில் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. தட்டில் பாலாடைப் பதத்தில் அருமையாகக் கலந்து வைத்திருப்போம். அப்போதுதான் அலசிய தூரிகையை அதில் முக்கினால், அதன் வயிற்றில் உள்ள தண்ணீர் மொத்தக் கலவையையும் பால் பதத்துக்கு இறக்கிவிடும். ஒவ்வொரு முறை அலசியதும் துணியில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கலவையைத் தொட வேண்டும். சின்ன விஷயம், ஆனால் பாதிப் பேருக்கு இருட்டு வராததற்கு இந்த ஒற்றைப் பழக்கம் இல்லாததுதான் காரணம்.

மறுபக்கமும் உண்டு. வெண்ணெய்ப் பதத்தில் பெரிய இடத்தை அப்பினால் காய்ந்தபின் அந்த இடம் பளபளவென்று மினுங்கும், சாய்த்துப் பார்த்தால் ஒருவித உலோகப் பளபளப்புக்கூடத் தெரியும். வண்ணத்தில் பசையாக இருக்கும் கம் அராபிக் பிசின் மேலே அதிகமாகத் தங்குவதால் வருவது இது. ரொம்பத் தடித்த பூச்சு விரிசலும் விடும். இருட்டாக இருந்தாலும் அடியில் தாள் மூச்சு விடுகிற அளவுக்கு ஊடுருவல் இருக்க வேண்டும், அதுதான் நீர்வண்ண இருட்டின் அழகு.

எந்த நிறங்களில் இருட்டு இருக்கிறது

ஒவ்வொரு நிறமிக்கும் அது எட்டக்கூடிய ஓர் அதிகபட்ச இருட்டு உண்டு. எலுமிச்சை மஞ்சளை ட்யூபிலிருந்து அப்படியே அப்பினாலும் அது வெளிர்தான். ஆரஞ்சும் நடுத்தரத்தைத் தாண்டாது. அல்ட்ராமரீன் நீலம், பிரஷ்யன் நீலம், தாலோ நீலம், தாலோ பச்சை, டயாக்ஸசின் ஊதா, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு போன்றவை கெட்டியாக வைத்தால் நன்றாக இருளும். இண்டிகோ, செபியா, பெயின்ஸ் கிரே மூன்றும் கடையில் தயாராகக் கிடைக்கும் இருட்டுகள். பெயின்ஸ் கிரே 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லியம் பெயின் என்ற ஆங்கில நீர்வண்ண ஓவியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று விற்கும் பெயின்ஸ் கிரேயில் பெரும்பாலும் அல்ட்ராமரீனும் ஒரு கருப்பு நிறமியும் இருக்கும்.

கருப்பு ட்யூபையே பயன்படுத்தலாமா? கூடாது என்று சத்தியம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஐவரி பிளாக் ஒரு நல்ல நிறமி, நிதானமாகக் கையாளத் தெரிந்தால் ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் பழகும் காலத்தில் அதை ஒதுக்கி வைப்பது நல்லது. எந்த நிறத்தை இருட்டாக்கவும் அதில் கொஞ்சம் கருப்பைச் சேர்த்துவிடும் சோம்பல் வந்துவிடும், நிழல்களெல்லாம் ஒரே புகைபடிந்த மாதிரி ஆகிவிடும். மஞ்சளில் கருப்பைச் சேர்த்துப் பாருங்கள், இருண்ட மஞ்சள் வராது, பாசிப் பச்சை வந்து நிற்கும்.

கலந்து செய்யும் இருட்டுகளில் முதலில் பழக வேண்டியது அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியென்னாவும். ஒன்று நீலம், இன்னொன்று ஆரஞ்சுச் சாய்வுள்ள பழுப்பு. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை என்பதால் ஒன்றையொன்று அடக்கி, கிட்டத்தட்டக் கருப்புக்கே கொண்டுபோய்விடும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த இருட்டு, பழுப்பைக் கூட்டினால் வெதுவெதுப்பான இருட்டு. அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் குழிகளில் படிவதால் காய்ந்தபின் ஒரு மணல்தன்மை தெரியும். பாறைக்கும் பழைய சுவருக்கும் அது ரொம்பப் பொருத்தம். வழவழப்பான, ஆழமான கருமை வேண்டுமென்றால் தாலோ பச்சையும் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் கண்ணைப் பறிக்கும், சேர்ந்தால் கருப்பைவிட உயிருள்ள ஒரு கருப்பு. அலிசரின் வாங்கும்போது மட்டும் கவனம். பழைய அலிசரின் நிறமி வெளிச்சத்தில் நாளாவட்டத்தில் மங்கிவிடும். பெயரோடு "பர்மனென்ட்" என்று போட்டு வருபவை பெரும்பாலும் அதற்கு மாற்றாக வேறு நிறமிகளைக் கொண்டு செய்தவை.

இருட்டுக் கலவையில் ஒளி ஊடுருவும் நிறமிகளையே சேருங்கள். காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள், எல்லோ ஓக்கர் போன்றவை ஒளியை ஓரளவு மறிக்கும். அவை உள்ளே போனால் இருட்டு சாந்து மாதிரி மந்தமாகிவிடும், "சேறாகிவிட்டது" என்று எல்லோரும் புலம்புவது பெரும்பாலும் இதைத்தான். இன்னொன்று, இரண்டு நிறங்களையும் தட்டில் ஒரே சீராகும் வரை கலக்கிவிடாதீர்கள். அரைகுறையாகக் கலந்த நிலையில் எடுத்துத் தாளில் வைத்தால் ஓர் ஓரத்தில் நீலமும் மறு ஓரத்தில் பழுப்பும் எட்டிப் பார்க்கும். அந்த இருட்டுக்குள் பார்வை கொஞ்ச நேரம் தங்கும்.

எங்கே வைப்பது

இருட்டு கலக்கத் தெரிந்ததும் வரும் அடுத்த ஆபத்து, அதைக் கண்ட இடத்திலெல்லாம் தெளிப்பது. படம் முழுக்கச் சிறுசிறு கரும்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. வெளுத்த படமே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

தீட்டுவதற்கு முன்னால், உள்ளங்கையளவு தாளில் பென்சிலால் ஒரு சின்ன வரைவு போடுங்கள். விவரம் எதுவும் வேண்டாம். கண்களைப் பாதி மூடிக் காட்சியைப் பாருங்கள். சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, பெரிய வெளிச்சத் திட்டுகளும் பெரிய இருட்டுத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். அவற்றை வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றாக மட்டும் பிரித்து நிரப்புங்கள். மூன்றும் சம பங்காக இருந்தால் படம் சப்பென்றிருக்கும். ஒன்று பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும், இன்னொன்று ஓரளவு, மூன்றாவது துளி. பெரும்பாலான படங்களில் அந்தத் துளி இடம் இருட்டுக்குத்தான், ஆனால் அது சட்டம் இல்லை. இரவுக் காட்சியில் துளியாக இருப்பது வெளிச்சம்.

இந்த வரைவைப் போடும்போதே இருட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கப் பாருங்கள். மரத்தின் நிழல்பக்கம், அது தரையில் போடும் நிழல், அந்த நிழல் போய்ச் சேரும் புதரின் அடிப்பகுதி, மூன்றும் காட்சியில் வெவ்வேறு பொருள்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரே திட்டு. அப்படியே ஒரே திட்டாகத் தீட்டலாம், நிறத்தை மட்டும் போகிற போக்கில் மாற்றிக்கொண்டே போகலாம். பழுப்பில் தொடங்கி, ஈரம் காயும் முன்னே நீலத்தைச் சேர்த்து, முடிவில் பச்சைக்குப் போய்விடலாம். எல்லைக்கோடு இல்லாமலே பார்ப்பவர் மரம், தரை, புதர் என்று பிரித்துப் புரிந்துகொள்வார். பொருளைத் தீட்டுவதை விட்டுவிட்டு டோன் திட்டுகளைத் தீட்டப் பழகுவது கொஞ்சம் கஷ்டம்தான். மூளை "இது இலை, இது கிளை" என்று குறுக்கே பேசிக்கொண்டே இருக்கும்.

மிக இருண்டதும் மிக வெளிர்ந்ததும் ஒட்டி நிற்கும் இடத்துக்குத்தான் பார்வை முதலில் ஓடும். ஆகவே அந்தச் சந்திப்பை நீங்கள் காட்ட விரும்பும் இடத்தில் வையுங்கள், ஒரு மூலையில் வைத்துவிடாதீர்கள். அங்கே ஓரங்கள் கூர்மையாக இருக்கட்டும். மற்ற இடங்களில் இருட்டின் ஓரத்தை ஈரத் தூரிகையால் தடவி மங்கச் செய்துவிடலாம்.

பொருள்களின் நிழலில் எது எவ்வளவு இருட்டு என்பதற்கு ஒரு வெள்ளைக் கோப்பையையும் கருப்பு அட்டைப் புத்தகத்தையும் ஒரு விளக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நிறையப் புரியும். கோப்பை மேசையைத் தொடும் இடத்தில், ஒளி நுழையவே வழியில்லாத அந்தக் கோட்டில்தான் இருட்டு அதிகம். மேசையில் விழும் நிழல் கோப்பையிலிருந்து விலக விலக வெளிரும், அதன் ஓரமும் மழுங்கும். கோப்பையின் நிழல்பக்கத்தில் மேசையிலிருந்து எகிறி வந்த ஒளி கொஞ்சம் தெரியும். பலரும் அந்த எகிறிய ஒளியைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அதை வெளிச்சப்பக்கத்துக்கு இணையாக வெளுப்பாக்கிவிடுவார்கள், உடனே கோப்பையின் உருட்டு போய்விடும். நிழலுக்குள் இருக்கும் வெளிச்சம் நிழலைச் சேர்ந்ததுதான், அது வெளிச்சப்பக்கத்தைவிட இருண்டே இருக்க வேண்டும். புத்தகத்தைப் பாருங்கள். அதன் வெளிச்சம் விழும் பக்கமே கோப்பையின் நிழல்பக்கத்தைவிட இருட்டாக இருக்கும். நிழல் என்றால் இருட்டு, வெளிச்சம் என்றால் வெளுப்பு என்று மனப்பாடமாகத் தீட்டினால் இதைத் தவறவிட்டுவிடுவோம்.

நிலக்காட்சியில் தூரத்துக்கு இருட்டு இல்லை. நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால், தொலைவு கூடக்கூட இருண்ட இடங்கள்தான் முதலில் வெளிர்ந்து நீலமாகும். பக்கத்து மரத்தின் அடிநிழலுக்கு வைத்த அதே கருமையைத் தூரத்து மலையின் மடிப்பிலும் வைத்தால் மலை முன்னால் பாய்ந்து வந்துவிடும்.

வெளிர்ந்த பொருளின் ஓரத்தைக் காட்ட அதைச் சுற்றிக் கோடு போட வேண்டாம். அதற்குப் பின்னால் உள்ளதை இருட்டாக்குங்கள், பொருள் தானாக வெளியே வரும். வெள்ளைப் பூக்களையும் வேலிக் கம்பிகளையும் நீர்வண்ணத்தில் இப்படித்தான் "தீட்டுகிறார்கள்", அதாவது அவற்றைத் தொடாமலே.

ஒரே பூச்சா, பல பூச்சா

இரண்டு வழியும் உண்டு. முடிந்தவரை ஒரே பூச்சில் முடிப்பதுதான் புத்துணர்ச்சியாக இருக்கும். வேண்டிய அளவுக்குக் கலந்து வைத்து, அதே வகைத் தாளின் துண்டில் தீட்டிக் காயவைத்துப் பார்த்து, அப்புறம் பெரிய தூரிகையால் தயங்காமல் வையுங்கள். வைத்தபின் விட்டுவிடுங்கள். பாதி காய்ந்த பூச்சில் ஈரத் தூரிகையோடு திரும்பிப் போனால், புதுத் தண்ணீர் நிறமியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், ரம்பம் போன்ற விளிம்போடு ஒரு திட்டை உண்டாக்கும். இருண்ட பூச்சில் அது ரொம்பவே துருத்தித் தெரியும். ஈரம் இருக்கும்போதே இன்னும் இருட்டு சேர்க்க வேண்டுமென்றால், தாளில் இருப்பதைவிடக் கெட்டியான வண்ணத்தைச் சேருங்கள்.

பூச்சின் மேல் பூச்சாக இருட்டைக் கூட்டும்போது ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். புறங்கையை லேசாகத் தாளில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தாலோ நிறங்கள் தாளைப் பிடித்துக்கொள்ளும், அவை அடிப்பூச்சுக்கு ஏற்றவை. அல்ட்ராமரீன் போன்றவை மேல்பூச்சின் ஈரத்தில் எழும்பிக் கலந்துவிடலாம், அதனால் தேய்க்காமல் ஒரே வீச்சில் போக வேண்டும். மூன்று நான்கு பூச்சுக்கு மேல் போனால் பெரும்பாலும் ஆழம் கூடாது, மந்தம்தான் கூடும். அந்த நிலைக்கு வருவதற்குப் பதில் இரண்டாவது பூச்சையே துணிந்து கெட்டியாக வைத்திருக்கலாம்.

பழகுவதற்கு ஒரே நிறத்தில் தீட்டுவதைப் போல வேறெதுவும் இல்லை. பெயின்ஸ் கிரேயோ செபியாவோ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலில் முழு இருட்டிலிருந்து வெறும் தாள் வரை 5 கட்டங்களைத் தீட்டுங்கள். முதல் தடவை 5 கட்டங்களும் சம இடைவெளியில் வராது, இருட்டுப் பக்கம் இரண்டு கட்டங்கள் ஒன்றாகவே தெரியும். காய்ந்தபின் பார்த்துத் திருத்தித் திருத்தித் தீட்டினால் தண்ணீர்க் கணக்கு கைக்கு வந்துவிடும். பிறகு அந்தக் கோப்பையையும் புத்தகத்தையும் அதே ஒற்றை நிறத்தில் தீட்டுங்கள். நிறம் என்ற கவலை இல்லாதபோது டோனைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியாது.

எல்லாப் படத்துக்கும் கருப்பு வரைக்கும் போக வேண்டியதில்லை. மூடுபனியில் கருப்பு இருந்தால் பனி கலைந்துவிடும். அங்கே படத்தின் மிக இருண்ட இடமே நடுத்தர சாம்பலாக இருக்கலாம், மற்றவை அதைவிட வெளிர்ந்திருந்தால் போதும்.

இருட்டு அளவை மீறிவிட்டால், பூச்சு ஈரமாக இருக்கும்போதே பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுப்பதுதான் சுலபம். காய்ந்துவிட்டால் சுத்தமான தண்ணீரால் நனைத்து, சில நொடிகள் விட்டு, மென்மையாகத் தேய்த்துத் துணியால் ஒற்றுங்கள். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியென்னாவும் ஓரளவு எழும்பி வரும், தாலோ கலந்த இருட்டு முழுதாக வராது. பருத்தித் தாள் இந்தத் தேய்ப்பைக் கொஞ்சம் தாங்கும், மலிவான தாள் நார் நாராக எழும்பிவிடும். நார் எழும்பிய இடத்தில் மறுபடி வண்ணம் வைத்தால் திட்டுத்திட்டாக உறிஞ்சும். அதனால் அங்கே வெளிர்ந்த அளவோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்து டோன்களை அதற்கேற்பச் சரிசெய்யுங்கள்.